கரை சேர்ந்த பிறகு மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் மதுரைக்கு வந்து சேர்ந்து இன்றோடு ஐந்து நாட்கள் ஆகின்றன. தூத்துக்குடியில் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டபோது, வீடு சேர்ந்ததும் தகவல் சொல்லச் சொன்னீர்கள். அன்றிரவே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஆனால், பதினோரு நாட்கள் உங்கள் வள்ளத்தில் கன்னியாகுமரி வரை போய்த் திரும்பியதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டு நிமிடப் பேச்சில் அடங்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு இரவுகள் கட்டிலில் படுத்தால் வள்ளத்தின் முன்பகுதியான அணியத்தில் படுத்திருப்பது போலவே உடல் ஏறி இறங்கியது. குளிக்கும்போது கண்ணை மூடினால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தையிடம் சொன்னபோது, கடலுக்குப் போகத் தொடங்கிய வயதில் உங்களுக்கும் அப்படித்தான் இருந்தது என்று அவர்கள் சொன்னார்கள்; அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாம் போன கரையை வரைந்து பார்த்தேன். புன்னைக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று ஊர்ப்பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. பெயர்களைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நீங்கள் சுக்கானைப் பிடித்தபடி எனக்குக் காட்டிக்கொண்டே வந்த கரை அந்தத் தாளில் இல்லை. மணல்மேட்டின் மேல் நிற்கும் மணப்பாட்டுச் சிலுவைக் கோவிலை 1581இல் கட்டப்பட்டது என்று மட்டுமே நான் அறிந்திருந்தேன். கடலிலிருந்து வருகிறவனுக்கு அதுவும் பக்கத்தில் இருக்கும் கலங்கரை விளக்கமும் எந்த இடத்தில் ஒன்றை ஒன்று மறைக்கும், எந்த இடத்தில் விலகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பெரியதாழைக்கு வெளியே நாம் மாட்டிக்கொண்ட இரவை நினைத்துப் பார்க்கிறேன். யாரோ அறுத்துவிட்ட பழைய வலை இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொண்டது. மச்சான் கத்தியைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி அதை அறுத்து முடிப்பதற்குள், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் நம்மை எங்கேயோ இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதற்கு முன்பே ஜிபிஎஸ் கருவி நனைந்து அணைந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். நீங்களோ ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, விரித்த கைகளால் அளந்து, ஒன்பது பாகம் என்றீர்கள். குண்டின் அடியில் ஒட்டி வந்த மணலை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, நாம் இன்னும் கடலடிப் பாறைத்திட்டான பாரைத் தாண்டவில்லை, நங்கூரம் போடலாம் என்றீர்கள். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த அளவோடு ஒரு கைப்பிடி மணலும் சேர்ந்தால், இருட்டில் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

விடிந்த பிறகு நீங்கள் காட்டியதை இப்போது எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். கரையோரத்தில் ஓர் அடையாளம், அதற்குப் பின்னால் தொலைவில் இன்னோர் அடையாளம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றால் நாம் ஒரு கோட்டின்மேல் இருக்கிறோம். வேறொரு திசையில் அதேபோல் இன்னொரு சோடி அடையாளங்கள் சேரும்போது இரண்டாவது கோடு கிடைக்கிறது. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் பார் இருக்கிறது. கடலுக்குள் போகப்போகக் கரையில் இருக்கும் பனைகளும் வீடுகளும் தண்ணீருக்குள் அமிழ்வது போலத் தாழ்ந்து, பின்னால் இருக்கும் மலை மட்டும் எஞ்சி நிற்கும். ஆகவே எவை அமிழ்ந்துவிட்டன என்பதை வைத்தே கரையிலிருந்து எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்று சொல்லலாம். இடிந்தகரைக்கு வெளியே, கிழக்கு வெளிச்சம் பட்ட அந்தக் காலையில், கூடங்குளம் அணு உலைகளின் கூண்டுகளுக்குப் பின்னால் மகேந்திரகிரி மலை தெளிவாகத் தெரிந்தபோது, உங்கள் தந்தையின் காலத்தில் அந்தக் கூண்டுகளின் இடத்தில் வேறு எதை அடையாளமாக வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். நீங்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறந்துவிட்டது என்றீர்கள்.

மாமா, இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான். பதினோரு நாட்களில் உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே நீங்கள் நம்பியிருந்த ஒற்றைப் பனையை வெட்டிவிட்டார்கள் என்றும், அதன் இடத்தில் இப்போது கைபேசிக் கோபுரத்தை வைத்துக்கொள்வதாகவும் சொன்னீர்கள். மச்சானுக்குக் கருவியில் பதிந்திருக்கும் எண்கள் போதுமானவையாக இருக்கின்றன. அவரை நான் குறை சொல்லவில்லை, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப்போய் மீன் பிடிக்கிறவருக்கு அது வேண்டியதுதான். ஆனால், அந்த எண்களில் பனையும் கோபுரமும் மலையும் இல்லை. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்காகப் பார்களின் பெயர்களையும் எல்லைகளையும் மனத்தில் வைத்திருந்த மனிதர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும்போது மச்சானும் கரையில்தான் இருப்பார். அப்போது நான் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். காலையில் நாம் மூவரும் வள்ளத்தில் போவோம்; நீங்கள் ஒவ்வொரு பாருக்கும் உரிய இரண்டு கோடுகளையும் காட்டுங்கள், நான் அடையாளங்களை வரைந்து, பாகத்தையும் அடித்தரையின் தன்மையையும் எழுதிக்கொள்கிறேன், மச்சான் கருவியின் எண்ணைப் பக்கத்தில் குறிக்கட்டும். எந்த இடத்தை வெளியே சொல்லக்கூடாது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அது அந்த நோட்டில் ஏறாது. அதற்கு நான் பொறுப்பு.

மகேந்திரகிரிக்கு முன்னால் இருந்த அந்தப் பழைய அடையாளத்தைப் பற்றி, கூத்தங்குழியில் நம்மைத் தங்கவைத்த பெரியவரிடம் ஒரு முறை விசாரித்து வையுங்கள். அவர் உங்களைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கு நினைவிருக்கலாம்.

அத்தைக்கும் மச்சானுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்