பெரிய சைஸும் நம்மூர்க் கடைக்கு வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெண்கள் உடற்பயிற்சியை ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேரம் கிடைப்பதில்லை, வீட்டில் ஒத்துழைப்பு இல்லை, விடியற்காலையில் தெருவில் வெளிச்சம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் சரிதான். அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உடம்பு கொஞ்சம் பெருத்த பெண்களுக்கு, வேகமாக நடக்கவும் குனிந்து நிமிரவும் தோதான உடுப்பு, கட்டுப்படியாகிற விலையில் நம்மூர்க் கடைகளில் கிடைப்பதில்லை.

திருப்பூரில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் வேதனை. இங்கே ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பெண்களுக்கான லெக்கிங்ஸ், ட்ராக் பேண்ட், ஸ்போர்ட்ஸ் பிரா எல்லாம் எங்கள் மேஜைக்கு வந்துதான் பேக்கிங்குக்குப் போகும். 2எக்ஸ், 3எக்ஸ் அளவுகளும் அதில் உண்டு. எவ்வளவு யோசித்துத் தைத்திருக்கிறார்கள் என்பது கையில் எடுத்தாலே தெரியும். இடுப்புப் பட்டி நல்ல அகலமாக இருக்கும்; குனிந்தால் சுருண்டு இறங்காது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை உயர்த்தி வெட்டியிருப்பார்கள். கவட்டையில் நான்கு தையலும் ஒரே இடத்தில் வந்து முட்டாதபடி தனியாக ஒரு துண்டு வைத்திருப்பார்கள். தொடையின் உள்பக்கம் தடித்த ஓவர்லாக் தையல் இருக்காது, தட்டையான பேட்லாக் தையல்தான். துணியும் 240, 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம், இழுத்துப் பிடித்தாலும் பல்லிளிக்காது. நாடா வைத்து அளவு பார்க்கும்போது, "நமக்குன்னே தைச்ச மாதிரி இருக்குது பாருங்க்கா" என்று பக்கத்து மேஜைப் பெண் சொல்லுவாள். அப்புறம் அது மடித்துப் பெட்டிக்குள் போய், தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடும்.

வேலை முடிந்து இதே ஊரில் கடைக்குப் போனால், "டபுள் எக்ஸ்எல்தானுங்க்கா கடைசி" என்பார்கள். ஆண்கள் பிரிவில் பார்க்கச் சொல்வார்கள். ஆண்கள் ட்ராக் பேண்ட் இடுப்புக்குச் சரியாக இருந்தால் பின்பக்கம் பிடிக்கும். பின்பக்கம் சரியாக இருந்தால் கால் தரையைக் கூட்டும். காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு விற்கும் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று சிக்கும். அதை நம்பி யாரும் பயிற்சி தொடங்க முடியாது.

கடைக்காரர்களைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மொத்த வியாபாரத்தில் சரக்கு பெரும்பாலும் செட்டாகத்தான் வரும். மீடியம், லார்ஜ், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று நான்கும் சேர்ந்தது ஒரு செட். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி ஆர்டர், அதற்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை. விற்காமல் தேங்கிவிடுமோ என்று சின்னக் கடைக்காரர் பயப்படுவார். "யாரும் கேக்கறதில்லைங்க" என்று அவர் சொல்வதும் பொய்யல்ல. இல்லை என்ற பதிலை அத்தனை பேர் முன்னால் கேட்டு வந்த பெண் மறுபடி அந்தக் கடையில் கேட்க மாட்டாள். அவள் கேட்காததை வைத்து, தேவையே இல்லை என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

தேவை எவ்வளவு என்பதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். 2015-16 ஆய்வில் இது 30.9 சதவீதமாக இருந்தது. அத்தனை பேருக்கும் 3எக்ஸ் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பத்தில் நான்கு பேர் என்பது ஒதுக்கித் தள்ளுகிற கூட்டமா?

துணியில் என்ன இருக்கிறது, சுடிதார் போட்டுக்கொண்டு நடக்கலாமே என்பார்கள். நடக்கிறோம், சேலையிலும் நடக்கிறோம். ஆனால் கனத்த தொடை ஒன்றோடொன்று உரசினால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் தோல் வழன்றுவிடும். வியர்வையில் நனைந்த பருத்தி பேண்ட் அதை இன்னும் கிளறும். மறுநாள் உட்கார்ந்தால் எரியும், நடந்தால் எரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டு நாள் விட்டால், அந்த இரண்டு நாளே ஒரு வாரமாகிவிடும். மார்புக் கனம் இதைவிடப் பெரிய தொல்லை. சாதாரண பிராவின் பட்டை தோளில் பள்ளம் விழும் அளவுக்கு அழுத்தும். வேகமாக நடந்தால் மார்பும் முதுகும் சேர்ந்து வலிக்கும். ஒன்றின் மேல் இன்னொன்றாக இரண்டு பிரா போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகும் பெண்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க நடப்பது எவ்வளவு சிரமம் என்று நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாடு அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது. மிகவும் நல்ல திட்டம். அந்த 8 கிலோமீட்டரும் தோல் உரியாமல் நடக்க வழி வேண்டாமா?

ஆன்லைனில் கிடைக்கிறதே என்றால், விலையைப் பாருங்கள். எக்ஸ்எல் வரை 400 ரூபாய்க்குக் கிடைக்கும் லெக்கிங்ஸ், 'ப்ளஸ் சைஸ்' என்று பெயர் போட்டதும் 1,000 ரூபாயைத் தாண்டுகிறது. துணி அதிகம் பிடிக்கும் என்பது உண்மைதான். பெரிய சைஸுக்குத் தனியாக பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் அளவு மாதிரி, போட வேண்டும் என்பதும் உண்மை. சின்னதை அப்படியே பெருக்கினால், இடுப்போடு காலும் நீண்டுவிடும். ஆனால் தையல் கூலியும் எலாஸ்டிக்கும் லேபிளும் பேக்கிங்கும் இரண்டு மடங்கு ஆவதில்லை. கூடுதல் துணிக்கு எவ்வளவோ அதைக் கூட்டி வாங்கட்டும், தருகிறோம். முன்பு 1,000 ரூபாய்க்கு மேல் போன ஆடைக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான். அதனால் வரியையும் இனி காரணம் சொல்ல முடியாது.

இதில் அளவுக் குழப்பம் வேறு. ஒரு கம்பெனியின் 3எக்ஸ் இன்னொன்றின் எக்ஸ்எல்லுக்குச் சமமாக இருக்கிறது. உள்ளாடை வகை என்று சொல்லி, போட்டுப் பார்த்ததைத் திரும்ப வாங்கவும் மறுக்கிறார்கள். இந்திய உடலுக்கென்று அளவு அட்டவணை உருவாக்க 25,000 பேரை அளவெடுக்கும் திட்டத்தை 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்) அதற்குத் தேர்ந்தெடுத்த ஆறு நகரங்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. நாட்டுக்கே பனியன் தைக்கிற மாநிலத்தை விட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான். அட்டவணை வரும்போது வரட்டும். அதுவரை லேபிளிலேயே மார்பு, இடுப்பு, பின்புறச் சுற்றளவு மூன்றையும் சென்டிமீட்டரில் அச்சிடலாம். ஏற்றுமதிச் சரக்குக்குத் தினமும் செய்கிற வேலைதானே?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இங்கே எத்தனை பேர் வயிற்றில் புளியைக் கரைத்தது என்பது எங்களுக்குத் தெரியும். உள்நாட்டுச் சந்தையைக் கவனிக்க வேண்டும் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். அந்தச் சந்தையில் நாங்களும் இருக்கிறோம். நூலும் மெஷினும் கட்டிங் மாஸ்டரும் பெரிய சைஸ் பேட்டர்னும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. கருப்பு, நேவி புளூ என்று இரண்டு நிறம் போதும். இங்குள்ள கம்பெனிகள் 5எக்ஸ் வரை, செட் கட்டாயம் இல்லாமல், வேண்டிய சைஸை மட்டும் சின்னக் கடைக்காரர் எடுக்கும்படி கொடுத்துப் பார்க்கட்டும்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. அவர்களுக்கு இந்த வகைத் துணியும் மெஷினும் கொடுத்துப் பயிற்சியும் அளித்தால், 500 ரூபாய்க்குள் ஒரு நல்ல ட்ராக் பேண்ட்டைத் தர முடியும் என்று, இதே தொழிலில் இருப்பவளாக நம்பிச் சொல்கிறேன். தைத்ததைப் போட்டு நடந்து பார்த்து எங்கே பிடிக்கிறது, எங்கே உரசுகிறது என்று சொல்ல ஆள் வேண்டுமென்றால், எங்கள் செக்கிங் பிரிவிலேயே பல பேர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி,
திருப்பூர்.