50 வயதில் ஓய்வூதியம்: அவசரம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

சிக்கனமாக வாழ்ந்து 50 வயதிலேயே ஓய்வு பெறுவது பற்றிய தங்கள் கட்டுரை, வீட்டுச் செலவை அலசிய அளவுக்குத் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி (இபிஎஃப்) ஓய்வூதியத்தை அலசவில்லை. 58 வயதுக்கு முன் வாங்கினால், முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். 50-இல் வாங்குவோர் கால் பங்குக்கு மேல் இழப்பர், அதுவும் ஆயுள் முழுவதும். 58 ஆனதும் முழுத் தொகை வந்துவிடும் என்று நம்பியே அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் சிலர் ஓய்வூதியம் கோரும் 10டி படிவத்தை நிரப்பித் தரச் சொல்கிறார்கள், வேதனையாக இருக்கிறது.

பத்தாண்டு பணி முடித்தவர்கள் 10சி படிவம் கொடுத்து, பணிக்காலத்தைப் பதிந்து ஓய்வூதிய உரிமையைக் காக்கும் திட்டச் சான்றிதழ் பெற்று, சேமிப்பின் வட்டியில் சமாளித்து, 58 வரை காத்திருக்கலாம். இரு வயதுக்கும் உரிய மாதத் தொகையை எழுத்தில் காட்டிய பிறகே வைப்பு நிதி அலுவலகங்கள் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும்.

- வாசகர், அம்பத்தூர், சென்னை.