போசல்த்வெயிட்டுக்கு ஒரு பத்தி போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த இதழில் வந்த ஆங்கிலக் குணச்சித்திர நடிகர்கள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் தாராளமாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், பீட் போசல்த்வெயிட்டை மட்டும் ஒரே பத்தியில் முடித்துவிட்டார். ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க் பாராட்டியவர், வில்லன் வேடத்துக்கென்றே அமைந்த முகம், ஓர் ஆஸ்கர் பரிந்துரை, 2011 ஜனவரியில் புற்றுநோயால் மரணம். அவ்வளவுதான். இதில் எதுவும் தவறில்லை. ஆனால் அந்த மனிதரின் முக்கால்வாசி வாழ்க்கை இதில் இல்லை.

முதலில் அந்தப் பாராட்டு. ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’, ‘அமிஸ்டாட்’ என 1997-இல் வெளியான இரண்டு படங்களில் அவரை நடிக்க வைத்த ஸ்பீல்பெர்க், உலகின் தலைசிறந்த நடிகர் என்று அவரைச் சொன்னது உண்மைதான். அதற்குப் போசல்த்வெயிட் சொன்ன பதிலையும் சேர்த்துப் போட்டிருக்கலாம். ‘தன்னை உலகின் தலைசிறந்த நடிகன் என்று பீட் நினைத்துக்கொண்டிருக்கிறான்’ என்பதுதான் ஸ்பீல்பெர்க் உண்மையில் சொன்னது என்று அவரே கிண்டலடிப்பார். அதே 1997-இல் அவர் செய்த இன்னொரு காரியமும் கட்டுரையில் இல்லை. இரண்டு ஸ்பீல்பெர்க் படம் கையில் இருக்கும்போது வேறு யாராக இருந்தாலும் லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு பார்த்திருப்பார்கள். இவர் பிரிஸ்டலுக்குப் போய் மேடையில் மக்பெத்தாக நடித்தார்.

என் வாதம் இதுதான்: அவர் நாடகக்காரர். சினிமாவுக்கு அவ்வப்போது போய்விட்டு வந்தவர். அப்படிப் பார்த்தால்தான் அவர் படங்களே சரியாகப் புரியும்.

1946-இல் வாரிங்டனில், உழைக்கும் வர்க்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், அதன் பிறகுதான் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். பெயரை மாற்றிக்கொள் என்று சக நடிகர்கள் சொன்னார்களாம். இத்தனை நீளப் பெயரை அரங்க வாசலில் விளக்குப் போட்டு எழுதினால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது என்று கேலி வேறு. மனிதர் மசியவில்லை.

அப்புறம் லிவர்பூல். ஹோப் தெருவில் இருக்கும் எவ்ரிமேன் அரங்கைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1970-களில் அங்கே அவரோடு ஒரே குழுவில் இருந்து, பின்னாளில் பெயர் பெற்ற நடிகர்களைப் பாருங்கள்: ஜூலி வால்டர்ஸ், ஜொனாதன் பிரைஸ், பில் நை, ஆன்டனி ஷெர், பெர்னார்ட் ஹில். ஊர்க்காரர்களின் கதையை ஊர்ப் பேச்சிலேயே நாடகமாக்கிய இடம் அது. லண்டன் உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டால்தான் நடிகன் என்ற எண்ணத்தை அந்தக் கூட்டம் உடைத்தது. அங்கிருந்து ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்குப் போனார். 1982-இல் அங்கே ‘கிங் லியர்’ நாடகத்தில் மைக்கேல் கேம்பன் லியராக நடித்தபோது, கிளாஸ்டர் என்ற கிழவனின் கண்ணைப் பிடுங்கும் கார்ன்வால் இவர்தான். 1986-இல் அதே கம்பெனியில், ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ என்ற ஷேக்ஸ்பியர் நகைச்சுவை நாடகத்தில் கழுதைத் தலையோடு வரும் பாட்டம். ஒரே ஆளிடமிருந்து இந்த இரண்டும் வந்தன என்றால், ‘வில்லன் முகம்’ என்று எப்படிச் சொல்வது?

முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் டெரன்ஸ் டேவிஸின் ‘டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’ (1988) படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். லிவர்பூல் வீடொன்றில் மனைவியையும் பிள்ளைகளையும் அடித்து நொறுக்கும் தகப்பன் வேடம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, தூங்கும் பிள்ளைகளின் கட்டிலருகே பரிசுப் பைகளை மாட்டிவிட்டு, அவ்வளவு கனிவாக ஆசி சொல்கிறார். அடுத்து, சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, விரிப்பைப் பிடித்து ஒரே இழுப்பு. தட்டும் சோறும் தரையில். எடுத்துச் சுத்தம் செய் என்று மனைவியிடம் கத்துகிறார். இன்னொரு காட்சியில் குதிரையைத் தேய்த்துவிட்டபடி மெல்லப் பாடுகிறார், பிள்ளைகள் மேலே பரணிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். இந்த மனிதன் ஏன் இப்படி என்பதற்குப் படம் விளக்கம் தருவதில்லை. நடிகரும் தருவதில்லை. சாதாரண நடிகர் என்றால், கொடுமைக்குப் பின்னால் ஒரு சோகத்தைக் காட்டி நம் மன்னிப்பை வாங்கப் பார்ப்பார். இவர் கனிவையும் வெறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பயமும் பாசமும் கலந்து அந்தப் பிள்ளைகள் ஏன் தவிக்கிறார்கள் என்பது நமக்கு அதில்தான் புரிகிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு தகப்பன். ‘இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்’ (1993) படத்தின் ஜுசெப்பே கான்லன். மகன் ஜெர்ரி கில்ட்ஃபோர்ட் குண்டுவெடிப்பு வழக்கில் அநியாயமாகக் கைதானபோது, அவனுக்கு உதவ பெல்ஃபாஸ்டிலிருந்து லண்டன் வந்து, தானும் சிக்கி, 1980-இல் கைதியாகவே இறந்துபோன உண்மை மனிதர். தந்தையும் மகனும் ஒரே சிறையறையில் இருப்பதாகக் காட்டியது படத்துக்காகச் செய்த மாற்றம் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் அந்த அறைக் காட்சிகளில் கவனியுங்கள். மகனாக வரும் டேனியல் டே-லூயிஸ் கத்துகிறார், குமுறுகிறார். இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மூச்சு வாங்குகிறது, ஜெபமாலை உருளுகிறது, மகனை நிமிர்ந்து பார்க்கிறார். மேடையில் பழகியவர்கள் கேமரா முன்னால் மிகையாக நடிப்பார்கள் என்று உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். இதற்கு என்ன சொல்வார்? உங்கள் கட்டுரை சொன்ன ஆஸ்கர் பரிந்துரை இந்த வேடத்துக்குத்தான்; விருது அந்த ஆண்டு டாமி லீ ஜோன்ஸுக்குப் போனது. போகட்டும்.

‘பிராஸ்ட் ஆஃப்’ (1996) பற்றி விரிவாக எழுத இடமில்லை. சுரங்கம் மூடப்படும் யார்க்‌ஷயர் ஊரில், நுரையீரல் முழுக்கக் கரித்தூளோடு வாத்தியக் குழுவை நடத்தும் டேனி. கதையில் வரும் ஊர் கற்பனை, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கிரைம்தார்ப் குழு உண்மை. 1992-இல் சுரங்கத்தை மூடுவதாக அறிவிப்பு வந்த சில நாட்களில் அந்தக் குழு தேசியப் போட்டியில் வென்றது. இசைதான் முக்கியம் என்று வாழ்ந்த டேனி, ஆல்பர்ட் அரங்க மேடையில், இல்லை, மனிதர்கள்தான் முக்கியம் என்று பேசும் இடத்தில் அழாதவர்களை நான் பார்த்ததில்லை. வில்லன்தான் வேண்டும் என்பவர்களுக்கு ‘ஷார்ப்’ தொலைக்காட்சித் தொடரின் சார்ஜென்ட் ஹேக்ஸ்வில் இருக்கிறான். தொப்பிக்குள் பார்த்து அம்மாவோடு பேசும் அந்தக் கிறுக்கன் பயமுறுத்தவும் செய்வான், சிரிக்கவும் வைப்பான். ‘தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ படத்தில் அவர் ஏற்ற கோபயாஷி வேடம் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டாம்.

2008-இல் லிவர்பூல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த ஆண்டில், தொடங்கிய அதே எவ்ரிமேன் மேடைக்குத் திரும்பி லியர் மன்னனாக நடித்தார். ரூபர்ட் கூல்ட் இயக்கிய அந்தத் தயாரிப்பைப் பாராட்டியவர்களும் உண்டு, கடுமையாகக் குறை சொன்னவர்களும் உண்டு. அது மறு ஆண்டு லண்டன் யங் விக் அரங்குக்கும் போனது. அதே 2009-இல்தான், நிலக்கரியை எரிக்கும் கிங்ஸ்நார்த் மின்நிலையத்துக்கு அரசு அனுமதி கொடுத்தால் பிரிட்டிஷ் அரசு கௌரவமான தன் ஓ.பி.இ. விருதைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று அமைச்சர் எட் மிலிபாண்டிடம் நேருக்கு நேர் சொன்னார். அரசு கொடுத்த கௌரவத்தை நம் நடிகர்கள் எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்தானே.

கடைசியாக ஒரு கோரிக்கை. கட்டுரையின் அடியில் கொடுத்திருக்கும் ‘பார்க்க வேண்டிய படங்கள்’ பட்டியலில் அவருக்கு ‘இன்செப்ஷன்’ மட்டும் இருக்கிறது. அதில் அவர் சாகக் கிடக்கும் தொழிலதிபராகக் கட்டிலில் படுத்திருக்கும் கொஞ்ச நேரம்தான் வருகிறார். இணையப் பதிப்பிலாவது அதை எடுத்துவிட்டு, டெரன்ஸ் டேவிஸ் படத்தையும் ‘பிராஸ்ட் ஆஃப்’ படத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.