பூனையை விரட்ட பாச்சை உருண்டையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் வீட்டுக் குறிப்புகளை விடாமல் படிக்கிறவள் நான். போன வாரம் ஒரு வாசகர், மாடிப்படியில் பூனை அசிங்கம் பண்ணாமல் இருக்க பாச்சை உருண்டையைப் பொடித்துத் தூவி, சுற்றிலும் பினாயில் தெளித்துவிடச் சொல்லியிருந்தார், நீங்களும் அப்படியே போட்டுவிட்டீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார், ஊரெல்லாம் செய்வதுதான். ஆனால் அதில் பூனை விலகிப் போகும் என்பதைவிட செத்துப் போகும் என்பதே நிஜம். அதே பக்கத்தில் ஒரு மறுப்பு போடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பூனை அந்தப் பொடியைத் தேடிப் போய்த் தின்னாது, சரி. ஆனால் மிதிக்கும், அப்புறம் ஒரு ஓரமாக உட்கார்ந்து நான்கு பாதத்தையும் வாலையும் நக்கிச் சுத்தம் செய்யும். தரையில் என்ன கிடந்தாலும் அரை மணி நேரத்தில் அதன் வயிற்றில் இருக்கும். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது, ஒரு சின்னப் பூனைக்கு ஒரே உருண்டை போதும். பூனை படுக்கிற துணி அலமாரியில் அதைப் போடுவதும் நல்லதில்லை, மூடிய இடத்தில் அந்த ஆவியே கெடுதல்.

பினாயில் வேறு கதை. அதில் இருக்கக்கூடிய பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் சில நொதிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று பூனைக்குக் கிடையாது. அதற்கான மரபணு வேலை செய்யாமலே போய்விட்டது. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, சிங்கம் புலிக்கும் அப்படித்தான். கறி மட்டுமே தின்று வாழ்ந்த இனம், செடிகொடியில் இருக்கும் நச்சை முறிக்கிற தேவையே வராமல் அந்தத் திறனை இழந்துவிட்டது என்கிறார்கள். அதனால் நமக்கு வாசனையாகத் தெரிகிற கிருமிநாசினி அதற்கு வாயையும் வயிற்றையும் புண்ணாக்கி, கல்லீரலையும் கெடுக்கிறது. தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுக்கிற எதையும் பூனை உள்ள வீட்டில் சந்தேகத்தோடு பாருங்கள். வீடு துடைக்கக் கூடாது என்று சொல்லவில்லை, துடைத்த பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை துடைத்து, தரை காய்கிற வரை அதை வேறு அறையில் விட்டால் போதும்.

இதே கல்லீரல் குறைதான் பாராசிட்டமாலையும் விஷமாக்குகிறது, எனக்கு எல்லாவற்றையும்விட பயம் இதில்தான். பூனை சோர்ந்து படுத்திருக்கும், தொட்டால் சூடாக இருக்கும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கால் மாத்திரை கொடுங்கள் என்பார்கள், நாமும் கைக்குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே என்று கரைத்து ஊற்றிவிடுவோம். எடைக்குத் தகுந்த மாதிரி குறைத்தாலும் பிரயோஜனமில்லை. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைகளுக்கு நஞ்சேறியது உண்டு, மூன்று நான்கு கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு என்பது அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் சாக்லேட் நிறத்துக்கு மாறும், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ தெரியும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். சீக்கிரம் போனால் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் அதை டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் போடுகிறவர்கள் நிறையப் பேர். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் சில மணி நேரத்திலேயே உடம்பெல்லாம் நடுங்கி வலிப்பு வரும். நாய் அதைத் தாங்கும், பூனை தாங்காது. மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே ஆபத்துதான். வாங்கும்போது பூனைக்கு என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

பூங்கொத்தில் வருகிற பெரிய லில்லிப் பூவும் அப்படித்தான், ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு சாதம் தினமும் வைத்தால் ரத்தசோகை வரும் (நம் வீடுகளில் மிச்சம் மீதி எல்லாம் பூனைக்குத்தானே போகிறது). எலி மருந்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏதாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே தனி விஷமாகும், பினாயிலோ மண்ணெண்ணெயோ என்றால் திரும்பி வரும்போது தொண்டையைப் புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளும் போய்விடும். பாலும் மாற்று மருந்தில்லை. ரோமத்தில் பட்டிருந்தால் நக்க விடாமல் துணியில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதான் அவர் முதலில் கேட்பார், அதனால் மாத்திரை அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.