கொடிசியாவில் ஸ்டால் போடவிருக்கும் நண்பருக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கையின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மனம் நிம்மதி அடைந்தது. இங்கு எல்லோரும் நலம். பம்புசெட் பட்டறையை மகன் முழுவதுமாகப் பார்த்துக்கொள்கிறான். கண்காட்சி வந்தால் மட்டும் ஸ்டாலுக்கு வாருங்கள் என்று என்னை அழைக்கிறான்.

வரும் ஜூலையில் இங்கே கொடிசியா கண்காட்சி வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சிக்கு உங்கள் களையெடுக்கும் இயந்திரத்தைக் கொண்டுவருவதாகவும், ஸ்டால் அலங்காரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அலங்காரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே யாரை நிறுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடத்தில் தடுப்பும், பெயர்ப்பலகையும், ஒரு மேசையும், இரண்டு நாற்காலிகளும், விளக்குகளும் கண்காட்சி நடத்துபவர்களே தந்துவிடுவார்கள். அந்த மேசையை முகப்பில் போடாமல் பின்சுவரை ஒட்டித் தள்ளிவிட்டால் பாதி அலங்காரம் முடிந்தது. முகப்பில் மேசை கிடந்தால் வருகிறவர் வெளியிலேயே நின்று நோட்டீஸை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

வரவேற்பதற்கென்று நாள் வாடகைக்கு ஆள் அமர்த்தித் தருவதாக முகவர்கள் வருவார்கள். வேண்டாம். ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயி மூன்றடி இடைவெளியில் நட்ட வயலை மனத்தில் வைத்துக்கொண்டு, வேர் அறுபடாமல் இது உள்ளே போகுமா என்று கேட்பார். கரும்புக்காரர் மண் அணைத்துப் பார் கட்ட வருமா என்பார். மஞ்சள்காரருக்கு வரிசை இடைவெளி ஒன்றரை அடிதான் இருக்கும் என்பதால், கத்திகளைக் கழற்றி அகலத்தைக் குறைக்க முடியுமா என்பதே அவருடைய கவலை. இவற்றுக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லக்கூடியவர், வயலுக்குப் போய்ப் பழுது பார்த்து வந்த உங்கள் மெக்கானிக் ஒருவரே. எங்கள் ஸ்டாலிலும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பம்பைத் தூக்கி இறக்கிய கை யாருடையது என்பதை விவசாயிகள் இரண்டு வாக்கியங்களில் கண்டுபிடித்து, விற்பனை மேலாளரை விட்டுவிட்டு அவரிடமே போய் நிற்பார்கள். மேலாளர்களுக்கு இது பிடிப்பதில்லை.

இன்னொன்றை நீங்கள் எழுதவே இல்லை என்பதால் நானே சொல்கிறேன். நம் ஊர்களில் களையெடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. கண்காட்சிக்குக் கணவன் மனைவியாக வரும்போது, ஸ்டாலில் நிற்பவர்கள் கணவரிடமே எல்லாவற்றையும் விளக்குகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகளை வைத்திருப்பவரோ பக்கத்தில் நிற்கும் அந்த அம்மா. எடை எவ்வளவு, கயிற்றை இழுத்து நான் ஸ்டார்ட் செய்ய முடியுமா, அரை மணி நேரம் ஓட்டினால் கை அதிர்ந்து வலிக்குமா, வரப்பில் திருப்ப ஒருவர் போதுமா என்பதையெல்லாம் இன்னொரு பெண்ணிடம்தான் அவர் தயங்காமல் கேட்பார். பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் உங்கள் மகளை, ஒரு மாதம் தோட்டத்தில் இயந்திரத்தை ஓட்டிப் பழக வைத்து அழைத்து வாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளோடு மகளிருக்கும் 50 சதவீதம் வரை மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 40 சதவீதம். அதற்கு உச்சவரம்பும் உண்டு. மானியத்தைத் தருவது வேளாண்மைப் பொறியியல் துறையே தவிர நாம் அல்ல என்பதையும், உழவன் செயலி வழியாக விண்ணப்பிக்கலாம் என்பதையும், உங்கள் மாடல் அத்துறையின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் ஸ்டாலில் நிற்கும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கணக்குச் சொன்னால் இயந்திரத்தின் மீதே சந்தேகம் வந்துவிடும். விலையையும் மறைக்காதீர்கள். போன் செய்யுங்கள், சொல்கிறோம் என்ற பதிலைக் கேட்டவர் போன் செய்வதில்லை.

நான்கு பேர் வந்தால் போதும். மூவர் நிற்கும்போது ஒருவர் ஓய்வில் இருக்கட்டும். சிமென்ட் தரையில் நாள் முழுவதும் நிற்பது வயலில் நடப்பதைவிடக் கொடுமை. சாப்பாட்டை ஸ்டாலுக்குள் பிரிக்க வேண்டாம். டீலர்கள் பெரும்பாலும் கூட்டம் சேராத வேலைநாள் காலையில் வந்து பேச விரும்புவார்கள், அந்நேரத்தில் நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நோட்டீஸும் பையும் சேர்க்கிற கூட்டம், அதற்குப் பிள்ளைகளே போதும். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருவார்கள் என்பதால், மலையாளம் பேசும் ஒரு பையனை எங்கள் பட்டறையிலிருந்து அனுப்பி வைக்கிறேன். அரங்குக்குள் பெட்ரோல் எஞ்சினை ஓட்டிக் காட்ட முடியாது. ஆகவே ஒரு கியர்பாக்ஸை அறுத்துத் திறந்து வையுங்கள். தேய்ந்த கத்தியையும் புதிய கத்தியையும் அருகருகே வைத்தால் பேச்சு தானாகத் தொடங்கும்.

விசிட்டிங் கார்டு போடும் பெட்டி வேண்டவே வேண்டாம். ஒரு நீளநோட்டுப் புத்தகத்தில் பெயர், ஊர், பயிர், ஏக்கர், வரிசை இடைவெளி, எப்போது தேவை என்பனவற்றை, நம் பக்கத்தில் பேசியவரே, வந்தவர் நகர்ந்த உடனே எழுத வேண்டும். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்றால் நான்கு மரவள்ளிக்காரர்களும் ஒரே ஆளாகிவிடுவார்கள். இந்தக் கண்காட்சி ஆடி மாதத்தை ஒட்டி வருவதை மறக்காதீர்கள். ஆடிப்பட்டம் தேடி விதைத்தவருக்கு அடுத்த மூன்று நான்கு வாரங்களில் களை கழுத்தைப் பிடிக்கும். அவரை ஒரு வாரத்துக்குள் அழைத்தாக வேண்டும். ஆடியில் புதிதாக எதையும் வாங்குவதில்லை என்று நழுவியவரை வேண்டாதவர் என்று நோட்டில் அடித்துவிடாமல், ஆவணி பிறந்ததும் அழையுங்கள். எங்களுக்கு முன்பணம் பெரும்பாலும் அப்போதுதான் வந்திருக்கிறது.

கண்காட்சி நாட்களில் அவிநாசி சாலையில் அறை கிடைப்பது அரிது. பீளமேட்டில் என் மைத்துனரின் மாடி வீடு காலியாக இருக்கிறது. எத்தனை பேர், எந்த நாளில் இயந்திரத்தோடு வருகிறீர்கள் என்று எழுதினால் சாவியை வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்