அந்தக் கல்லை ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுங்கள்

தமிழ் டிவி சேனல்களில் ராசிக்கல், நவரத்தின மோதிர விற்பனை நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் முப்பது வருடமாகக் கல் பதிக்கும் வேலை செய்கிறேன். நாட்டிய செட் நகைகளுக்குக் கெம்புக் கல் வைப்பதில் தொழில் பழகியவன். இப்போது மோதிரம், தோடு, பதக்கம் என்று எது வந்தாலும் செய்கிறேன். உங்கள் நிகழ்ச்சிகளில் விற்ற கற்களும் கடைசியில் என் போன்றவர்களின் மேஜைக்குத்தான் வருகின்றன. மோதிரம் இறுக்குகிறது, கல் ஆடுகிறது, நிறம் மங்கிவிட்டது என்று கொண்டு வருவார்கள். அந்த மேஜையில் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

பத்து வருடம் இருக்கும். மந்தைவெளியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மத்தியான நேர டிவி நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்து, போன் செய்து வாங்கிய வெள்ளி மோதிரம். ஐந்து காரட் மாணிக்கம், விலை எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மகனுக்கு நல்ல வேலை அமைய வேண்டும் என்று சீட்டுப் பணத்தில் வாங்கியிருந்தார். விரலில் ஏறவில்லை, கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். "ஒரிஜினல் கல்லு தம்பி, சர்டிபிகேட் இருக்கு" என்று அட்டையைக் காட்டினார்.

மாணிக்கம் சூடு தாங்கும் கல். அதனால் கல்லைக் கழற்றாமல் மோதிரத்தை அறுத்து, துண்டு சேர்த்து, பொடி வைத்து, நெருப்பை ஊதி ஒட்டினேன். ஆசிட் தண்ணீரில் போட்டு எடுத்தேன். வெளியே எடுத்தபோது கல்லின் முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வலைப்பின்னல். நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது. அந்த அம்மா மோதிரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "தம்பி, இது என் கல்லுதானா?" என்று கேட்டார்.

தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று எங்கள் தொழிலைப் பற்றி ஊரில் ஒரு பழமொழி உண்டு, பெற்ற தாயின் பொன்னிலும் கொஞ்சம் திருடுவான் என்று அர்த்தம். அதைக் கேட்டே வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் ஊதியது என் தவறு. அதை அவரிடமே சொல்லி, வேறு கல் வாங்கிப் பதித்துக் கொடுத்தேன். ஆனால் நான் கல்லை மாற்றவில்லை என்பதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் என் கடைப்பக்கம் வரவே இல்லை.

அது ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். 2004 வாக்கில் இந்த வகை சந்தைக்கு வந்தது. பிளவும் வெடிப்புமாக, பட்டை தீட்டக்கூட லாயக்கில்லாத மட்டமான கல்லை எடுத்து, உருக்கிய ஈயக் கண்ணாடியை வெடிப்புகளுக்குள் இறங்க விடுவார்கள். வெடிப்பு கண்ணுக்கு மறைந்துவிடும், கல் தெளிந்து சிவந்து தெரியும். எடையிலும் ஒரு பங்கு கண்ணாடிதான். அதையும் காரட் கணக்கில் சேர்த்தே விற்கிறார்கள். ஊதுகிற சூடு இந்தக் கண்ணாடிக்கு ஆகாது, ஆசிட்டும் ஆகாது. அவ்வளவு ஏன், எலுமிச்சம்பழச் சாறு ஊறினாலே அரித்துவிடும். மாணிக்க மோதிரம் போட்ட கையோடு ஊறுகாய்க்கு எலுமிச்சை பிழிகிற பெண்கள் எத்தனை பேர்!

லூப்பில் பார்த்தால் இது தெரியாமல் போகாது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி போதும். கல்லை மெல்லச் சாய்த்தால் உள்ளே ஒரு நீல மினுக்கு ஓடி மறையும். கண்ணாடிக்குள் காற்றுக் குமிழிகள் சின்னச் சின்ன வட்டமாக நிற்கும். உங்கள் கேமரா லூப்பைவிடப் பெரிதாகக் காட்டுகிறது, ஆனாலும் டிவியில் இது தெரியாது. சுழலும் மேடையில் கல் நிற்காமல் சுற்றுகிறது. மேலிருந்து மஞ்சள் விளக்கு அடிக்கிறது, அந்த வெளிச்சத்தில் எந்தச் சிவப்புக் கல்லும் கனல் போல எரியும். நீலக் கல் வந்தால் வெள்ளை விளக்குக்கு மாற்றிவிடுகிறீர்கள். நிறத்தின் அழுத்தமோ பார்ப்பவர் வீட்டு டிவியின் செட்டிங்கைப் பொறுத்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் விளக்கு வைத்த பிறகு கல் வாங்கவே மாட்டார். காலை பத்து மணிக்கு வடக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெள்ளைத் தாள் மேல் கல்லை வைத்து நீரோட்டம், அதாவது உள்ளே ஒளி ஓடும் விதம், பார்ப்பார். குளோஸ் செட்டிங்கில் இருக்கிற கல்லுக்கு விலையே சொல்ல மாட்டார். பின்பக்கத்தை மூடிவிட்டால் அடியில் நிறத்தகடு இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? உங்கள் நிகழ்ச்சிகளில் வருகிற ராசிக்கல் மோதிரங்களை எண்ணிப் பாருங்கள், எத்தனை மூடிய செட்டிங் என்று.

பக்குவம் செய்த கல்லை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாணிக்கத்தையும் நீலத்தையும் சூடேற்றி நிறம் கூட்டுவது பழைய வழக்கம். இன்று சந்தையில் இருப்பதில் பெரும்பாலானவை சூடேற்றியவைதான், அந்த நிறம் நிலைத்தும் நிற்கும். மரகதத்தில் எண்ணெய் இறக்குவதும் உலகம் முழுக்க நடப்பதுதான். நெருப்பில் உருக்கிச் செய்யும் செயற்கை மாணிக்கம் 1900களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது, நாட்டிய நகைக்கு அதுவே போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. எது என்று சொல்லி விற்றால் ஒரு தகராறும் இல்லை. நீங்கள் சொல்வது "நூறு சதவீதம் இயற்கைக் கல்" என்பது மட்டும்தான். கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்திலும் மாணிக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதனால் அந்த வார்த்தை பொய் இல்லை என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. விற்பவரே அச்சடித்த அட்டையிலும் அதே வரிதான். கல்லுக்கு என்ன செய்யப்பட்டது என்று அதில் ஒரு எழுத்து இருக்காது.

டிவியில் கல் விற்று ஏமாந்த கதை நம் ஊரோடு முடிவதில்லை. அமெரிக்காவில் ஆண்டெசின் என்ற சிவப்புக் கல்லை அபூர்வ இயற்கை நிறம் என்று டிவி சேனல்களில் விற்றார்கள். சூட்டில் செம்பை உள்ளே ஊடுருவவிட்டு ஏற்றிய நிறம் அது என்று பிற்பாடு வெளிப்பட்டு, வழக்கு வரை போனது. அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2018இல் வெளியிட்ட நகை வழிகாட்டுதல், ஈயக் கண்ணாடி நிரப்பிய கல்லை வெறுமனே மாணிக்கம் என்று சொல்லி விற்பது ஏமாற்று என்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. கேபிள் டிவி விதிகளில் 7(5)ஐ எடுத்துப் படியுங்கள். நிரூபிக்க முடியாத அற்புத சக்தி ஒரு பொருளுக்கு இருப்பதாக மக்கள் நினைக்கும்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று இருக்கிறது. இதைப் போட்டால் கடன் தீரும், கல்யாணம் கூடும் என்று அரை மணி நேரம் பேசுவது அந்த விதிக்குள் எப்படி அடங்கும்? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், எந்த மொழியில் விளம்பரமோ அதே மொழியில்தான் பொறுப்புத் துறப்பு வரியும் இருக்க வேண்டும் என்கிறது. பேச்சு முழுக்கத் தமிழில், கீழே எறும்பு ஊர்வது போல ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடினால் மந்தைவெளி அம்மா அதை எப்படிப் படிப்பார்? தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. நேரத்தை விற்றோம், பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்கள் சேனல் பெயர் திரையின் மூலையில் இருப்பதைப் பார்த்துத்தான் மக்கள் போனை எடுக்கிறார்கள்.

நான் கேட்பது கொஞ்சம்தான். கல் இயற்கையா, செயற்கையா, என்ன பக்குவம் செய்தது என்று தொகுப்பாளர் வாயால் தமிழில் சொல்லட்டும். மோதிரத்தின் மொத்த எடை வேண்டாம், கல்லின் எடையையும் காரட்டுக்கு என்ன விலை என்பதையும் சொல்லட்டும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையைத் திரையில் படிக்கும் அளவுக்கு நிறுத்திக் காட்டுங்கள். மோதிரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டுங்கள். ஒரே ஒரு நிமிடம் அந்த விளக்குகளை அணைத்து, கல்லை ஜன்னல் ஓரம் கொண்டுபோய், சுற்றாமல் சும்மா வையுங்கள். வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்பதையும் அதே திரையில் போடுங்கள்.

உங்கள் விற்பனைக்கு வரும் கற்களில் எதிலாவது உங்களுக்கே சந்தேகம் இருந்தால், யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு என் பட்டறைக்கு வரட்டும். காசு வாங்க மாட்டேன். லூப் மேஜை மேல்தான் இருக்கிறது, ஜன்னலும் வடக்குப் பார்த்த ஜன்னல்தான்.

இப்படிக்கு,
மயிலாப்பூர் கல் பதிப்புத் தொழிலாளி ஒருவன்