அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதே

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நம்ம மொட்டை வேறு வேலைக்கு மாறிவிட்டான், உனக்கும் சொல்லியிருப்பான். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசிப் பாராவில் போகிறபோக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். புது டிவியில் நம் பழைய கேம் மெஷின் சூப்பர் நின்டெண்டோவை மாட்டினாயாம், படம் கலங்கலாக வந்ததாம், மாரியோ நீ அழுத்தும்போது குதிக்காமல் பள்ளத்தில் விழுந்த பிறகு குதிக்கிறானாம். "நமக்கும் வயசாயிடுச்சு, அதுக்கும் வயசாயிடுச்சு" என்று முடிவு கட்டி, பெட்டியோடு யாருக்காவது தூக்கிக் கொடுக்கப் போகிறாயாம். டேய், கொடுக்காதே. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் விரலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோளாறெல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கும் டிவியிடம். என் டியூப் டிவி போன பிறகு நானும் இதில்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன், அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படி.

டியூப் டிவிக்கு ஞாபகசக்தி கிடையாது. கம்பியில் சிக்னல் வர வர, எலக்ட்ரான் கற்றை அப்படியே கோடு கோடாகத் திரையில் வரைந்துகொண்டு போகும். நீ பட்டனை அழுத்தியதற்கும் படம் மாறுவதற்கும் இடையில் டிவி தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. தட்டை டிவி அப்படி இல்லை. வருகிற படத்தை முழுதாக வாங்கி வைத்துக்கொள்ளும், அதை ஆராயும், பெரிதாக்கும், மெருகு போடும், அப்புறம்தான் காட்டும். நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி விநாடி. டிவி நான்கு ஃப்ரேம் தாமதித்தால் கிட்டத்தட்ட 67 மில்லி விநாடி போய்விட்டது. சினிமா பார்க்கும்போது இது தெரியாது, ஒலியையும் சேர்த்துத் தாமதப்படுத்திவிடுவார்கள். பள்ளத்தின் விளிம்பில் குதிக்கிறவனுக்கு அதுதான் உயிர். ஆகவே வயசு, கண், விரல் என்று புலம்புவதை நிறுத்து.

முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய். டிவியின் மெனுவில் கேம் மோட் இருக்கும், போடு. ஷார்ப்னெஸ்ஸைக் குறை, நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் எல்லாவற்றையும் அணை. படத்தின் விகிதத்தை 4:3 என்று வை. இதை நீ செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அனுப்பிய போட்டோவில் மாரியோ இரண்டு பேர் அகலத்துக்கு இருக்கிறான். ஓரங்களில் கறுப்புப் பட்டை வரட்டும், அதுதான் சரி. மனசு ஒப்பவில்லை என்று மறுபடி இழுத்துவிடாதே.

கலர் வரவில்லை, எல்லாம் கறுப்பு வெள்ளை என்றும் எழுதியிருந்தாயே, அதற்கும் மெஷினைக் குறை சொல்லாதே. மெஷினிலிருந்து படத்தை ஒரே கம்பியில் கொண்டுவருவது மஞ்சள் பின். இப்போது பல டிவிகளில் அதற்குத் தனித் துளை இல்லை. படத்தை மூன்று கம்பியாகப் பிரித்து வாங்கும் காம்பொனென்ட்டின் பச்சைத் துளையையே அதற்கும் பொதுவாக வைத்துவிடுகிறார்கள். மஞ்சள் பின்னை அதில் செருகிவிட்டு டிவியில் காம்பொனென்ட் என்று தேர்ந்தெடுத்தால் வெளிச்சம் மட்டும் வரும், வண்ணம் வராது. மெனுவில் ஏவி என்று மாற்றிப் பார்.

இப்போது படம் ஏன் கலங்குகிறது என்பதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி. பழைய ஒளிபரப்பில் ஒரு முழுப் படத்தை இரண்டு பாதியாகத்தான் அனுப்புவார்கள். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள். ஒளிபரப்பில் இரண்டு முறைகள் உண்டு: என்டிஎஸ்சி (NTSC) முறையில் நொடிக்கு சுமார் 60 பாதிகள், பால் (PAL) முறையில் 50. கேம் மெஷின் செய்தவர்கள் அங்கே ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். சிக்னலின் நேரக்கணக்கைக் கொஞ்சம் மாற்றி, ஒவ்வொரு பாதியும் அதே கோடுகளின் மேலேயே விழும்படி வைத்துவிட்டார்கள். கோடுகள் பாதியாகக் குறைந்தன, ஆனால் நொடிக்கு 60 முழுப் படம் கிடைத்தது. படத்துக்குச் சுமார் 240 கோடு என்பதால் இதைத்தான் 240பி என்கிறார்கள். வரையப்படாத கோடுகள் மெல்லிய கறுப்பு இடைவெளியாக நின்றன. நாம் சின்ன வயதில் மூக்கைத் திரையில் ஒட்டிவைத்துப் பார்த்த வரிகள் அவைதான். அந்த மெஷின்களுக்குப் படம் வரைந்தவர்களும் அப்படிப்பட்ட திரையைப் பார்த்துத்தான் வரைந்தார்கள்.

தட்டை டிவிகளில் பலவற்றுக்கு இந்த ஏற்பாடு புரிவதில்லை. வருவது முழுப் படம் என்று தெரியாமல், பாதிப் படம் என்று நினைத்து அடுத்ததோடு சேர்த்துப் பின்னிவிடுகின்றன. விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் கேமில் வரும் ஆள் அடி வாங்கும் தருணத்தைக் கவனி. பல கேம்களில் அடிபட்டதும் உருவம் மினுக்கும், அதாவது ஒரு ஃப்ரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. டியூபில் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தெரியும். தட்டை டிவியோ இருக்கும் ஃப்ரேமையும் இல்லாத ஃப்ரேமையும் ஒரே படத்தின் இரண்டு பாதி என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் மினுக்கலே இல்லாமல், கோடு விட்டுக் கோடு கிழித்த உருவம் ஒன்று அசையாமல் நிற்கும். இரண்டில் ஒரு பாதியைத் தூக்கி எறியும் டிவியாக இருந்தால் ஆளே காணாமல் போய்விடுவான். என் டிவியில் சண்டை கேம்களில் நிழல்கள் இப்படித்தான் மறைந்தன. கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்து நீயாக இருந்தால் அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பாய்.

எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் என்று உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்காதே, கெஞ்சிக் கேட்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை டிவி செய்யும் அதே தவற்றை டிவிக்கு முன்பே செய்துவிடுகின்றன. பாதிகளைப் பின்னி, 16:9-க்கு இழுத்து, தாமதத்தையும் சேர்த்து அனுப்பும். அதற்குப் பிறகு டிவியில் கேம் மோட் போட்டும் புண்ணியமில்லை.

வாங்குவதென்றால் 240பி-யைப் புரிந்துகொள்ளும் கருவியை வாங்கு. ஓஎஸ்எஸ்சி என்று ஒன்று இருக்கிறது, அதன் வடிவமைப்பையே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். அது ஃப்ரேமைச் சேர்த்து வைக்காது. ஒரு கோடு வந்ததும் அதையே இரண்டாகவோ ஐந்தாகவோ பெருக்கி உடனே அனுப்பிவிடும். தாமதம் என்று சொல்வதற்கே இல்லை. ஆனால் அதில் மஞ்சள் பின் செருக இடமில்லை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக வரும் ஆர்ஜிபி, காம்பொனென்ட் போன்றவைதான். மஞ்சள் பின்னே போதும் என்றால் ரெட்ரோடிங்க் வகையில் பார். 2021-இல் வந்த 5எக்ஸ், 2023-இல் வந்த 4கே என்று அதில் பெரிய மாடல்களும் உண்டு. உனக்கு அவ்வளவு பெரிதெல்லாம் வேண்டாம். சூப்பர் நின்டெண்டோவின் வேகம் சரியாக 60 அல்ல, 60.1-ஐ ஒட்டி வரும். அதைச் சில டிவிகள் ஏற்காமல் திரையைக் கறுப்பாக்கிவிடும். ஆகவே திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடமாகப் பார்த்து வாங்கு.

கேபிளையும் மாற்ற வேண்டும். மஞ்சள் பின்னில் வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. மறுபடி முழுதாகப் பிரிக்க முடியாததால்தான் சிவப்பு எழுத்து ஓரத்தில் வழிகிறது, விளிம்புகளில் புள்ளிகள் ஊர்கின்றன. எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனிக் கம்பி, அந்த ஒரு மாற்றத்திலேயே படம் தெளிந்துவிடும். உன்னுடைய பெரிய மாடல் சூப்பர் நின்டெண்டோவிலிருந்து எஸ்-வீடியோவும் எடுக்கலாம், ஆர்ஜிபியும் எடுக்கலாம். பிறகு வந்த சின்ன மாடலில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் ஆகக் கூர்மையான படம்தான் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். சேகா கம்பெனியின் கேம் மெஷினான மெகா டிரைவில், சோனிக் கேமில் வரும் அருவியைப் பார். அதை நெடுங்கோடுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக வரைந்திருக்கிறார்கள். மஞ்சள் பின்னின் கலங்கலில் அந்தக் கோடுகள் கரைந்து, பின்னால் நிற்பது தெரியும் தண்ணீராகிவிடும். ஆர்ஜிபியில் போட்டால் தண்ணீர் போய்க் கம்பி வேலிதான் தெரியும். என் மெகா டிரைவை நான் இன்னும் மஞ்சள் பின்னில்தான் வைத்திருக்கிறேன்.

நெஸ் என்ற முதல் நின்டெண்டோ மெஷினோடு வந்த கேம் துப்பாக்கியை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. வாத்து சுடும் டக் ஹண்ட் கேமில் நீ விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் வரும். அந்த நேரத்தில் துப்பாக்கிக்கு உள்ளே இருக்கும் சென்சார் வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். தட்டை டிவியில் சதுரம் தாமதமாக வருகிறது, மெஷின் அதற்குள் தேடி முடித்துவிடுகிறது. தாமதமே இல்லாமல் செய்தாலும் பயனில்லை. டியூபில் நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கோடுகள் வரையப்படும் அந்தத் துடிப்பைத்தான் துப்பாக்கி எதிர்பார்க்கிறது, இந்தத் திரைகளில் அது கிடையாது. இதற்கு டியூப் டிவி ஒன்றுதான் வழி. யாராவது வைத்திருந்தால் சொல், நானே வந்து தூக்கிக்கொண்டு போகிறேன். மொட்டை அத்தனை வருஷம் திரையில் முட்டுகிற மாதிரி நின்று சுட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கேட்கவில்லை.

அடுத்ததை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் பெட்டியில் மூன்று மெஷினின் அடாப்டர்களும் ஒன்றாகக் கிடக்கின்றன. நெஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி கொடுப்பது. முதல் மாடல் மெகா டிரைவுக்கு டிசி வேண்டும். முனை அதில் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று செருகினால் மெஷின் செத்துவிடும். ஒவ்வொரு அடாப்டரிலும் அச்சடித்திருப்பதைப் படித்து, பெயர் எழுதி ஒட்டு. அதற்கு முன் எதையும் கரண்ட்டில் போடாதே.

கடைசியாக அக்காவின் கேசட். சூப்பர் மாரியோ வேர்ல்டில் ஏ என்ற இடத்தில் நட்சத்திரத்தோடு 96 என்று நிற்கிறதே, அது அக்கா கண்டுபிடித்து முடித்த வழிகளின் கணக்கு. நீ பி-யில் 40-ஐத் தாண்டியதில்லை என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அந்த 96-ஐப் பிடித்து வைத்திருப்பது உள்ளே சால்டர் செய்த ஒரு பட்டன் பேட்டரிதான். முப்பது வருஷப் பழசு. அது தீர்ந்தால் மூன்று இடமும் காலியாகிவிடும், அதைக் கழற்றினாலும் அப்படியே. கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும் கருவிகள் இருக்கின்றன. முதலில் அதில் சேவ் ஃபைலைப் பிரதி எடுத்து, பிறகு பேட்டரி மாற்றி, திரும்ப எழுதிவிடலாம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இதைச் செய்கிறார். உன் பையன் சொல்வது போல, பழைய மெஷினைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற புரோகிராமிலேயே ஆடலாம்தான், நன்றாகவே ஓடுகிறது, அவன் ஆடட்டும். ஆனால் அக்காவின் 96 அதில் இல்லை. நாள் கடத்தாமல் கேசட்டை மட்டும் முதலில் எனக்கு அனுப்பு. அனுப்புவதற்கு முன் ஒருமுறை போட்டு, எண் இருக்கிறதா என்று பார்த்துவிடு. அக்காவிடமும் சொல்லிவிட்டு அனுப்பு.

டிவியின் பின்பக்கத்தையும் சூப்பர் நின்டெண்டோவின் பின்பக்கத்தையும் துளைகள் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு எந்தக் கேபிள், எந்தக் கருவி என்று சொல்கிறேன். கேம் மோட் போட்டதும் மாரியோ குதிக்கிறானா என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்